கடைசிக் காலத்தை நம்பியவர்கள் ஏன் பள்ளிக்கூடம் கட்டினார்கள்?



உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் உடுவில் மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி, தெல்லிப்பழை யூனியன் கல்லூரி என்று ஏதாவது ஒரு பெயர் வரக்கூடும். மூன்றுமே அமெரிக்க மிஷனரிமார் போட்ட அத்திவாரத்தில் எழுந்தவை. என் அம்மம்மாவும் உடுவிலில் படித்தவர்தான். ஆனால் அவர் கிறிஸ்தவர் அல்ல. கனடாவில் பிறந்த எனக்கு இது நீண்ட நாள் புதிராகவே இருந்தது. சைவக் குடும்பத்துப் பிள்ளை ஏன் மிஷன் பள்ளிக்குப் போனாள் என்பது சின்னப் புதிர். ஐந்து மாதம் கப்பலில் வந்து, பாதிப் பேர் காய்ச்சலிலும் காசநோயிலும் வாடி, அந்த அமெரிக்கர்கள் ஏன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்பது பெரிய புதிர்.

"மதம் பரப்ப வந்தார்கள்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது சரிதான், ஆனால் போதாது. மதம் பரப்ப நினைப்பவர் சந்தியில் நின்று பிரசங்கம் செய்யலாம். துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். கேத்திர கணிதமும் வானசாஸ்திரமும் ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்? அதற்குரிய பதில் எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறது. உலகம் எப்படி முடியும் என்று அவர்கள் நம்பினார்களோ, அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

ஒரே புத்தகம், இரண்டு கணக்கு

பைபிளின் கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தின விசேஷம். அதன் இருபதாம் அதிகாரத்தில் ஆயிரம் ஆண்டு ஆட்சி ஒன்று வருகிறது. தீமை கட்டிவைக்கப்பட்டிருக்கும் காலம் அது. இயேசு மறுபடியும் வருவார் என்பது கிறிஸ்தவர்களின் பொது நம்பிக்கை. சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் ஆயிரம் ஆண்டா, முதலில் இயேசுவின் வருகையா?

ஒரு சாரார் இப்படிச் சொன்னார்கள்: நற்செய்தி கொஞ்சம் கொஞ்சமாக உலகெங்கும் பரவும். போரும் அடிமைமுறையும் அறியாமையும் குறையும். மனிதரின் உழைப்பும் கடவுளின் அருளும் சேர்ந்து பூமியில் ஒரு பொற்காலம் பிறக்கும். அது ஆயிரம் ஆண்டு நீடித்த பிறகே இயேசு வருவார்.

மற்றச் சாரார் மறுத்தார்கள்: உலகம் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டேதான் போகும். மனிதரால் அதைத் திருத்த முடியாது. இயேசு திடீரென்று வருவார். அவர் வந்த பிறகுதான் ஆயிரம் ஆண்டு தொடங்கும்.

இறையியல் படித்தவர்கள் இவற்றுக்கு நீண்ட பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நமது வசதிக்காக முதலாவதை விடியல் கணக்கு என்றும், இரண்டாவதை மின்னல் கணக்கு என்றும் சொல்கிறேன். விடியல் மெல்ல வரும், மின்னல் ஒரு நொடியில் வெட்டும். (அந்த ஆயிரம் ஆண்டு வெறும் உருவகம்தான் என்று சொல்லும் மூன்றாவது விளக்கமும் உண்டு. அது இவை இரண்டையும்விடப் பழைய திருச்சபைகளில் வேரூன்றியது. இந்தக் கதைக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை.)

இரண்டு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டார்கள். நற்செய்தி எல்லா இனத்தாருக்கும் அறிவிக்கப்பட்ட பிறகே முடிவு வரும் என்று மத்தேயு எழுதிய நூலின் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே உலகம் முழுவதும் போக வேண்டும். போய் என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

வைக்கோற்போரில் இருந்து தெல்லிப்பழைக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடியல் கணக்கு மிகவும் வலுவாக இருந்தது. சாமுவேல் ஹாப்கின்ஸ் என்ற போதகர் 1793இல் ஆயிரம் ஆண்டு ஆட்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? அந்தப் பொற்காலத்தில் வாழப்போகும் மக்களுக்கு. அதாவது, இன்னும் பிறக்காதவர்களுக்கு! அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவரும் இதே ஹாப்கின்ஸ்தான். வரப்போகும் நல்ல உலகத்தில் அடிமைகள் இருக்க முடியாது என்றால், இப்போதே அந்த வழக்கத்தை ஒழிக்கத் தொடங்க வேண்டும் அல்லவா?

இந்தச் சிந்தனை பரவியிருந்த சூழலில் வளர்ந்தவர்கள்தான் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள். 1806 ஆகஸ்டில் ஒருநாள், வெளியில் கூடி ஜெபிக்கப் போன ஐந்து மாணவர்களை இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு மிஷனரிமாரை அனுப்ப வேண்டும் என்று அங்கேதான் பேசிக்கொண்டார்கள். நான்கு வருடத்தில், 1810இல், அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சங்கம் உருவானது. வைக்கோற்போருக்கு அருகே நின்ற ஐவரில் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸும் ஒருவர். அவர் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1822இல் அங்கேயே இறந்தார். அமெரிக்க மிஷன் வரலாற்றில் மிகவும் பேசப்படும் அந்த மழை நாளில் இருந்து நமது ஊருக்கு இப்படி ஒரு நேர்கோடு போகிறது.

யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் வந்ததே ஒரு தற்செயல். 1812இல் முதல் குழு கல்கத்தாவுக்குத்தான் போனது. மிஷனரிமாரை விரும்பாத கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை வெளியேறச் சொன்னது. சாமுவேல் நியூவெல்லும் அவருடைய இளம் மனைவி ஹரியட்டும் மொரீசியஸ் தீவுக்குப் புறப்பட்டார்கள். கடலிலேயே பிறந்த குழந்தை இறந்துபோனது. சில வாரங்களில் ஹரியட்டும் இறந்தார். அவருக்கு வயது 19. தனித்துப்போன நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பனியின் கையில் இல்லை, பிரித்தானிய அரசின் நேரடி ஆட்சியில் இருந்தது. அதனால் அவரை யாரும் துரத்தவில்லை. இங்கே வேலை செய்யலாம் என்று அவர் ஊருக்கு எழுதினார். 1815 அக்டோபரில் புறப்பட்ட அடுத்த குழு 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கி, தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதே நியூவெல், பம்பாயில் இருந்த கோர்டன் ஹோலுடன் சேர்ந்து 1818இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். உலகத்தில் 60 கோடிப் பேர் நற்செய்தியைக் கேட்கவில்லை, 30,000 மிஷனரிமார் இருந்தால் போதும், 21 வருடத்தில் அனுப்பிவிடலாம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். இன்றைக்குப் பார்த்தால் கற்பனைக் கணக்கு. ஆனால் அந்த மனநிலையைக் கவனியுங்கள். உலகத்தை மாற்றுவது ஒரு திட்டமிடக்கூடிய வேலை, ஆளும் காசும் காலமும் இருந்தால் செய்து முடிக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள்.

விடியலுக்காகக் கட்டியவை

பொற்காலம் மெல்ல மெல்ல வரும் என்றால், அதற்கு அடித்தளம் வேண்டும். எழுத வாசிக்கத் தெரிந்த மக்கள் வேண்டும். ஆகவே கிராமம் கிராமமாகப் பள்ளிகள் திறந்தார்கள். 1819 இறுதியில் வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தார். 1823இல் டானியல் புவரின் தலைமையில் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வழக்கமே இல்லாத காலம் அது. 1841இல் ஒரு பத்திரிகை வந்தது. அதன் பெயர் உதயதாரகை, விடிவதற்கு முன் தெரியும் நட்சத்திரம். விடியல் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். மிரன் வின்ஸ்லோவின் பெரிய தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் வெளியானது.

இப்போது கொஞ்சம் நிறுத்துங்கள். இவ்வளவையும் வாசித்து "எவ்வளவு நல்லவர்கள்!" என்று மட்டும் முடித்தால் பாதிக் கதைதான் தெரிந்ததாகும்.

அந்த விடியலில் சைவத்துக்கு இடம் இருக்கவில்லை. நமது கோயில், நமது சடங்கு, நமது நூல்கள் எல்லாம் இரவு. வெளிச்சம் வந்தால் மறைந்துவிடும். இதுதான் அவர்களின் எண்ணம். வானசாஸ்திரம் கற்பித்ததிலும் இந்த நோக்கம் இருந்தது. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைப் பற்றிப் புவருக்கும் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. கிரகணம் புவரின் கணக்குப்படி நிகழ்ந்தது. பஞ்சாங்கம் பிழைத்தால் அதை நம்பும் மதமும் பிழைக்கும் என்பதே அவர்களின் தர்க்கம். செமினரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நன்கொடை கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயருக்கு முன்னால் யாரோ முகம் தெரியாத ஒருவரின் பெயர்!

ஆனால் பள்ளிக்கூடம் என்பது கட்டியவர் சொற்படி மட்டும் கேட்கும் ஒன்றல்ல. செமினரியில் படித்த இருவர், கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பிறகு என்ன செய்தார்? சைவராக வாழ்ந்து, ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சில் பதிப்பித்தார். மிஷன் தந்த படிப்பு பழைய தமிழைக் காப்பாற்றப் பயன்பட்டது. ஆறுமுக நாவலரும் அப்படித்தான். அவர் படித்ததும் பணிசெய்ததும் வேறொரு மிஷனில், வெஸ்லியன் மிஷனில். பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த பிறகு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி, அச்சகம், பிரசங்கம் என்று மிஷனரிமார் கையாண்ட அதே கருவிகளைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தார்.

1855இல் வேறொரு திருப்பம் வந்தது. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், ஊரில் போதிக்க ஆள் இல்லை என்று அவர் கருதினார். செமினரி மூடப்பட்டது. மிஷனுக்குப் பள்ளி ஒரு படிக்கட்டு. மேலே போகாத படிக்கட்டு எதற்கு? யாழ்ப்பாணத்தாருக்கோ பள்ளி அதற்காகவே வேண்டியதாக இருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் விடவில்லை. பேசினார்கள், பணம் சேர்த்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

மின்னலுக்காக ஓடியவர்கள்

இதே காலத்தில் மின்னல் கணக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் புத்தகத்தில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, இயேசுவின் வருகை நெருங்கிவிட்டது என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாளை வரலாறு "பெரும் ஏமாற்றம்" என்றே அழைக்கிறது.

நாள் குறிக்காமலே "எந்த நேரமும் வரலாம்" என்று நம்பியவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் எக்ஸிற்றரில் பல் வைத்தியராக நன்றாகச் சம்பாதித்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ். முடிவு அண்மையில் என்றால் சொத்துச் சேர்த்து என்ன பயன்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829இல் பக்தாத்துக்குப் போனார். பிறகு இந்தியாவுக்கு வந்தார். சம்பளமும் பட்டமும் குருப்பட்டமும் இல்லாமல் யாரும் போதிக்கலாம் என்பது அவர் கொள்கை.

திருநெல்வேலித் தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் குரோவ்ஸிடம் இதைக் கற்றுக்கொண்டார். வெளிநாட்டுச் சம்பளம் வாங்காமல், கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி அங்கே வாழ்ந்தார். 1860இல் அங்கே ஒரு பெரிய எழுப்புதல் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை. அந்த அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே வித்வான் குட்டி என்று அறியப்பட்ட யூஸ்துஸ் ஜோசப் 1881இல் இயேசு வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டும் கடந்துபோனது. அவருடைய கூட்டம் தனி மதம் போலப் பிரிந்து ஒதுங்கியது.

சீனாவில் ஹட்சன் டெய்லர் 1865இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். அவரும் மின்னல் கணக்குக்காரர்தான். உத்தரவாதமான சம்பளம் கிடையாது, சீன உடை அணிய வேண்டும், கடற்கரை நகரங்களில் தங்காமல் உள்நாட்டுக்குப் போக வேண்டும். தனிப் பெண்களையும் அனுப்பினார். பள்ளியும் மருத்துவமனையும் அங்கேயும் எழுந்தன, ஆனால் முதலிடம் அறிவிப்புக்குத்தான். 1900இல் பொக்ஸர் கிளர்ச்சியில் அந்த ஒரு மிஷனில் மட்டும் 58 பெரியவர்களும் 21 குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள்.

முதல் பார்வையில் விடியல்காரர்கள் கட்டினார்கள், மின்னல்காரர்கள் ஓடினார்கள் என்று தோன்றும். முழுவதும் அப்படியல்ல. மில்லரின் ஏமாற்றத்தில் இருந்து வந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபை இன்று உலகெங்கும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்துகிறது. முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் இன்றைய நோயாளியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விடியல்காரர்கள் நமக்குப் பள்ளி தந்தார்கள். ஆனால் சாவி நீண்ட காலம் அவர்கள் கையிலேயே இருந்தது. திறப்பதும் மூடுவதும் அமெரிக்காவில் முடிவானது. மின்னல்காரர்கள் கட்டடம் தரவில்லை. ஆனால் நேரம் இல்லை என்று நம்பியதாலேயே, "நீயும் போதிக்கலாம்" என்று தமிழ் ஆணிடமும் பெண்ணிடமும் சொன்னார்கள். அருளப்பன் யாருக்கும் கீழே வேலை செய்யவில்லை.

இரண்டும் சந்தித்த இடம்

1886இல் அமெரிக்காவில் மாணவர் தொண்டர் இயக்கம் தொடங்கியது. தொடக்கியவர்களில் ஒருவரான றொபேர்ட் வைல்டர் இந்தியாவில், கோலாப்பூரில் பிறந்த மிஷனரி மகன். இந்தத் தலைமுறைக்குள் உலகம் முழுவதும் நற்செய்தி அறிவிப்பது அவர்களின் இலக்கு. மின்னல்காரர் அதைக் கேட்டு "முடிவு விரைவில் வரும்" என்று மகிழ்ந்தார்கள். விடியல்காரர் "உலகம் விரைவில் திருந்தும்" என்று மகிழ்ந்தார்கள். இயக்கத்தின் தலைவர் ஜோன் மொட் இரு சாராரையும் ஒரே மேடையில் வைத்திருந்தார்.

அந்த அலையில் ஒரு தமிழர் வந்தார், திருநெல்வேலி வே. ச. அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். நாம் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை உருவாக்கினார். 1910இல் எடின்பரோவில் மொட் தலைமையில் கூடிய உலக மிஷன் மாநாட்டில் பேசினார். மேல்நாட்டு மிஷனரிமார் தங்கள் உடைமைகளையும் உயிரையும் தந்தார்கள், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்துங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். சபையில் பலருக்கு அது கசந்தது.

நான்கு வருடத்தில் முதலாம் உலகப் போர் வந்தது. கிறிஸ்தவ நாடுகள் ஒன்றையொன்று அழித்தன. உலகம் மெல்ல மெல்லத் திருந்துகிறது என்ற விடியல் கணக்கு அதற்குப் பிறகு பழைய பலத்தோடு எழவில்லை.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்?

எங்கள் வீட்டில் சைவமும் உண்டு, கிறிஸ்தவமும் உண்டு. இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு இரண்டு உணர்வு வரும். ஹரியட் வின்ஸ்லோ பள்ளி தொடங்காவிட்டால் என் அம்மம்மா எழுதப் படிக்கக் கற்றிருப்பாரோ தெரியாது. அதே ஹரியட்டின் கனவில், அம்மம்மா கும்பிட்ட பிள்ளையார் இல்லாமல் போயிருப்பார். நன்றியைச் சொல்லிக் கோபத்தை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை, கோபத்தைச் சொல்லி நன்றியை மறைக்கவும் விருப்பமில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு. எதிர்காலம் பற்றிய நம்பிக்கை சும்மா மனதுக்குள் இருப்பதல்ல. அது இன்றைக்குக் கையை அசைக்கும். பூமி சூடாகி எல்லாம் முடியப் போகிறது என்று நம்பும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். இருவரும் இன்று செய்வது ஒன்றல்ல. நமது சமூகத்தில் "தமிழ் இன்னும் ஒரு தலைமுறைதான்" என்று சொல்பவர்களும், தமிழ் வகுப்புக்குக் கதிரை அடுக்குபவர்களும் இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பள்ளியைக் கட்டியவர்கள் எதை எதிர்பார்த்தார்கள்? அதில் படித்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எழுதி வையுங்கள்.